ஏர் பிஸ்டல் மக்கர் செய்கிறதா? அறிகுறியைப் பார்த்துப் பழுதைப் பிடிக்கும் வழி

மும்பையில் ஒரு சின்ன ரைஃபிள் கிளப்பில் பல வருடங்களாக வார இறுதிகளில் பிள்ளைகளின் பிஸ்டல்களைப் பார்த்துக் கொடுத்துவருகிறேன். மாட்டுங்கா, செம்பூர், சயான் கோலிவாடா, தாராவி என்று நம்மவர்கள் இருக்கும் பகுதிகளிலிருந்து இப்போது நிறையப் பிள்ளைகள் 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு வருகிறார்கள். அவர்கள் கொண்டுவரும் பழுதுகள் மாதத்துக்கு மாதம் ஒன்றேதான். ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப வாட்ஸ்அப்பில் தட்டிக்கொண்டிருந்ததால், மொத்தத்தையும் ஓர் இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

இதில் இருப்பதெல்லாம் 4.5 மி.மீ. பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) சுடும், 200 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) காற்றுச் சிலிண்டர் மாட்டிய போட்டிப் பிஸ்டலுக்கானது. வெடிமருந்துத் தோட்டா போடும் பிஸ்டலுக்கு இதில் ஒரு வரியும் பொருந்தாது. அது பழுதானால் உரிமம் பெற்ற ஆயுதப் பழுதுபார்ப்பவரிடம்தான் போக வேண்டும்.

கை வைக்குமுன்

குழலின் முனை எப்போதும் இலக்குப் பக்கம். விரல் டிரிகருக்கு வெளியே. சிலிண்டரைக் கழற்று, லோடிங் லீவரைத் திற, உள்ளே பெல்லட் இல்லை என்று கண்ணால் பார், ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் கயிற்றைக் குழல் வழியாகக் கடைசிவரை செருகு. கயிறு அடுத்த முனையில் எட்டிப் பார்த்தால்தான் குழல் காலி. "இப்பத்தான் பார்த்தேன் அங்கிள்" என்று எந்தப் பிள்ளை சொன்னாலும் நான் மறுபடி பார்ப்பேன்.

இன்னொன்று. காற்று போகும் பாதையில் தையல் மெஷின் எண்ணெய், தேங்காயெண்ணெய், வண்டி கிரீஸ் எதுவும் படக் கூடாது. உயர் அழுத்தக் காற்றோடு எண்ணெய் சேர்ந்தால் தீப்பிடிக்க வாய்ப்பு உண்டு. காற்றுக் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்குக்கு சிலிக்கோன் கிரீஸ் மட்டும், அதுவும் விரல் நுனியில் மினுங்கும் அளவு போதும். சிலிண்டரில் நிரப்புவதும் உலர்ந்த சாதாரணக் காற்றுதான். ஆக்சிஜனை எக்காரணம் கொண்டும் நிரப்பாதீர்கள்.

அறிகுறி 1: இரவு நிரப்பிய காற்று காலையில் குறைந்திருக்கிறது

அதிகம் வரும் புகார் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

*நிரப்பிய கொஞ்ச நேரத்தில் 10, 15 பார் இறங்கி, அப்புறம் அப்படியே நிற்கிறதா?* அது பழுதே இல்லை. வேகமாக நிரப்பினால் சிலிண்டர் சூடாகும், ஆறும்போது அழுத்தம் குறையும். 20 டிகிரி ஆறினாலே 200 பார் 187 பக்கம் வந்துவிடும். மெதுவாக நிரப்புங்கள். அரை மணி நேரம் கழித்து, அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்து, அந்த எண்ணைக் குறித்து வையுங்கள். கணக்கு அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

*அதற்கப்புறமும் இறங்குகிறதா?* சிலிண்டரைப் பிஸ்டலிலிருந்து கழற்றித் தனியாக ஓர் இரவு வையுங்கள். கழற்றும்போது கேட்கும் ஒரு சின்ன 'புஸ்' பிஸ்டலுக்குள் மிச்சம் இருந்த காற்று, அதற்குப் பயப்பட வேண்டாம். காலையில் பார்க்கும்போது வழி இரண்டாகப் பிரியும்.

தனியாக வைத்தபோது இறங்கவில்லை என்றால் சிலிண்டர் நல்லது, கசிவு பிஸ்டல் பக்கம். சிலிண்டர் திருகிச் சேரும் இடத்தில் இருக்கும் ஓ-ரிங்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நல்ல வெளிச்சத்தில், முடிந்தால் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். முழு வட்டமாக இருக்க வேண்டிய ரப்பர் ஒரு பக்கம் தட்டையாகியிருக்கும், அல்லது நகம் பட்டதுபோல ஒரு கீறல் இருக்கும். சில சமயம் ஒரே ஒரு தலைமுடி குறுக்கே கிடக்கும், அதை எடுத்தாலே கசிவு நின்றுவிடும். ஓ-ரிங்கை ஊசியால் குத்தி எடுக்காதீர்கள், அது உட்காரும் பள்ளத்தில் கோடு விழுந்துவிடும். மரப் பல்குச்சி போதும்.

மாற்று ஓ-ரிங்கைத் தயாரிப்பாளரின் செட்டிலிருந்தே எடுங்கள். நாக்தேவி தெருவில் எந்த அளவிலும் ஓ-ரிங் கிடைக்கும் என்பது உண்மைதான், நானும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அளவு பொருந்தினால் மட்டும் போதாது. சாதாரணக் குழாய் வேலைக்கான மெத்தென்ற ரப்பர் 200 பாரில் பிதுங்கி, இரண்டே நாளில் கிழிந்துவிடும். அவசரத்துக்குக் கடையில் வாங்குவதானால் உயர் அழுத்தத்துக்கான கடின ரகம், 90 ஷோர் என்று கேட்டு வாங்குங்கள்.

தனியாக வைத்தும் இறங்குகிறது என்றால் சிலிண்டரின் வால்வுதான் கசிகிறது. சந்தேகம் தீரப் பிறந்தநாள் பலூன் ஒன்றை வால்வின் வாயில் இறுக்கமாக மாட்டி, காலைவரை விடுங்கள். பலூன் நிமிர்ந்து நின்றால் முடிவு தெரிந்துவிட்டது. சிலர் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்க்கச் சொல்வார்கள். வால்வுக்குள் நீர் போய்விடும் என்பதால் நான் அதைச் செய்வதில்லை.

வால்வில் நீங்கள் செய்யக்கூடிய ஒரே வைத்தியம், காற்றை ஒருமுறை முழுக்க வெளியேற்றி மறுபடி நிரப்பிப் பார்ப்பது. தூசி ஒட்டியிருந்தால் அதோடு போய்விடும். போகவில்லையென்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். சிலிண்டரின் வால்வை வீட்டில் கழற்றக் கூடாது. 200 பார் என்பது கார் டயரில் இருக்கும் காற்றைப்போல நூறு மடங்கு அழுத்தம் ஏறத்தாழ. பித்தளைத் துண்டு தெறித்தால் சுவரிலேயே பள்ளம் விழும். இது சர்வீஸ் ஆளின் வேலை.

*மழைக்காலத்தில் மட்டும் இந்தத் தொல்லையா?* மும்பைக்கென்றே உள்ள நோய் இது. ஒரு ஜூலை மாலை, செம்பூர்ப் பெண் ஒருத்தி அப்பாவோடு குடைக்குள் ஒண்டிக்கொண்டு வந்தாள். "நேத்து ராத்திரி 180 இருந்துச்சு அங்கிள், காலையில 110தான் காட்டுது." எப்படி நிரப்பினாய் என்று கேட்டேன். கைப் பம்பு, பால்கனியில், மழை பெய்துகொண்டிருக்கும்போது. காற்றை வெளியேற்றும் அடாப்டரை மாட்டி, அதன் வாயருகே ஒரு டிஷ்யூ பேப்பரைப் பிடித்து மெதுவாகத் திறந்தேன். முதலில் பேப்பர் ஈரமாகியது, அப்புறம் நடுவில் டீ சிந்தினதுபோல ஒரு பழுப்பு வட்டம் வந்தது. உள்ளே துருப் பிடிக்க ஆரம்பித்திருக்கிறது. அந்தச் சிலிண்டரை அன்றே ஒதுக்கிவைக்கச் சொல்லிவிட்டேன். அந்த அப்பாவின் முகம் வாடியது இன்னும் நினைவிருக்கிறது. சிலிண்டர் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், விலையும் மாதச் சம்பளத்தில் கை வைக்கும். ஆனாலும் உள்ளே அரித்த சிலிண்டரை ஒரு குழந்தையின் கையில் கொடுக்க என்னால் முடியாது.

ஆகவே ஜூன் முதல் செப்டம்பர் வரை கைப் பம்பை ஏசி அறையில் வைத்து அடியுங்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வடிகட்டி போடுங்கள், மணிகள் நிறம் மாறினால் மாற்றுங்கள். 50 முறை அடித்ததும் நிறுத்தி, பம்பின் அடியில் சேரும் நீரை வெளியேற்றுங்கள். முக்குளிப்பவர்களின் பெரிய சிலிண்டரிலிருந்து உலர் காற்று கிடைத்தால் அதுவே உத்தமம்.

சிலிண்டர் மேல் பொறித்திருக்கும் தேதியையும் இப்போதே பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் தயாரித்த நாளிலிருந்து 10 ஆண்டு என்று போட்டிருக்கும். தேதி தாண்டாமல் பார்த்துக்கொள்வது சுடுபவரின் பொறுப்பு என்று சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் விதியே சொல்கிறது. போட்டிக்குப் போகிற அன்று உபகரணப் பரிசோதனை மேஜையில் இதைக் கண்டுபிடித்தால் அழுவதைத் தவிர வழியில்லை.

அறிகுறி 2: பெல்லட் கீழே கீழே விழுகிறது

குறி சரி, டிரிகரும் சரி, ஆனால் துளைகள் 6 மணிப் பக்கம் வழுக்கிக்கொண்டே போகின்றன.

முதலில் கேஜ். அழுத்தம் 70 பார் பக்கம் வந்திருந்தால் ஒவ்வொரு சுடுதலுக்கும் காற்றைச் சீராக விடும் ரெகுலேட்டருக்குத் தேவையான காற்று இல்லை, நிரப்புங்கள், முடிந்தது வேலை. போட்டிப் பிஸ்டலின் பெல்லட் நொடிக்குச் சுமார் 150 மீட்டர் வேகத்தில் போகிறது. அது 130 ஆகக் குறைந்தால் 10 மீட்டரில் ஏறத்தாழ 7 மி.மீ. கீழே இறங்கும். இலக்கில் ஒரு வளையத்தின் அகலமே 8 மி.மீ. என்பதால், நல்ல 10 ஒன்று 9 ஆகிவிடும். பிள்ளை தன் கையைத்தான் நொந்துகொள்ளும்.

கேஜ் சரியாக இருக்கிறது என்றால் குறிபார்க்கும் பின் சைட்டின் திருகைத் தொட்டுப் பாருங்கள். ஆடினால் இறுக்குங்கள். முன் சைட்டையும் அப்படியே. அடுத்து, பெல்லட் டப்பா மாறியதா என்று கேளுங்கள். 0.45 கிராமிலிருந்து 0.53 கிராம் ரைஃபிள் பெல்லட்டுக்கு மாறியிருந்தால் துளை இடம் மாறுவது இயல்பு.

இதெல்லாம் தாண்டியும் இறங்கினால் வேகமானி வைத்து 10 குண்டுகள் சுடுங்கள். எண்கள் அருகருகே இருந்து, மொத்தமாகக் குறைவாக இருந்தால் ரெகுலேட்டர் அமைப்பு நகர்ந்திருக்கிறது. தாறுமாறாக இருந்தால் உள்ளே சீல் தேய்ந்திருக்கிறது. இரண்டுமே சர்வீஸ் ஆளுக்கு.

*ஐந்து நிமிடம் சும்மா வைத்துவிட்டுச் சுட்டால் முதல் குண்டு மட்டும் மேலே போகிறதா?* இது தனி அறிகுறி, பலரும் கவனிப்பதில்லை. ரெகுலேட்டர் முழுக்க மூடாமல் காற்று மெல்லப் புகுந்துகொண்டிருக்கிறது. ரெகுலேட்டரை நீங்கள் திறக்க வேண்டாம். அதன் உள்ளே இருக்கும் வாஷர்களின் வரிசை மாறினால் அமைப்பே மாறிவிடும். சர்வீஸ் நாள் வரும்வரை, இடைவெளிக்குப் பின் முதல் சுடுதலைப் பெல்லட் இல்லாமல் பாதுகாப்பான திசையில் காற்றாக மட்டும் விட்டுவிட்டுத் தொடருங்கள். அதற்கு முன் ரேஞ்ச் அதிகாரியிடம் கேட்டுக்கொள்ளுங்கள், காற்றை விடுவதற்கு விதி உண்டு.

அறிகுறி 3: குரூப் (துளைகளின் கூட்டம்) சிதறுகிறது

இங்கே கொஞ்சம் பொறுமை வேண்டும். பெற்றோர் நேராகப் பிஸ்டலைக் குறை சொல்வார்கள், கோச் நேராகப் பிள்ளையை. யார் சொல்வது சரி என்று தெரிந்துகொள்ள, கை பழகிய வேறொருவரை அதே பிஸ்டலில், அதே பெல்லட்டில் 10 குண்டு சுடச் சொல்லுங்கள். அவருக்கு இறுக்கமான குரூப் வந்தால் பிஸ்டலை எடுத்து வைத்துவிடுங்கள். அதற்கு மேல் பேச வேண்டியது கோச்சிடம்.

அவருக்கும் சிதறினால் இப்படிப் போங்கள்.

கைப்பிடி. மரக் கிரிப்பின் அடியில் இருக்கும் திருகு தளர்ந்தால் கைக்குத் தெரியாது, இலக்குக்குத் தெரியும். மழையில் மரம் உப்பும், அக்டோபர் வெயிலில் சுருங்கும். வருடத்துக்கு இரண்டு முறையாவது அதை இறுக்க வேண்டும்.

பெல்லட். ஒரு வெள்ளைக் காகிதத்தில் 20 பெல்லட்டைக் கவிழ்த்துப் பாருங்கள். பாவாடைபோல விரிந்த பின் ஓரம் நசுங்கியவை, மேலே வெண்பொடி பூத்தவை எல்லாம் தள்ளுபடி. அந்த வெண்பொடி ஈரத்தில் ஈயம் பூத்தது, அதை வாயால் ஊதவே கூடாது. பெல்லட்டைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் வடாபாவ் எடுக்கும் பிள்ளைகளை நான் ரேஞ்சிலேயே தடுத்து அனுப்பிவிடுவேன். அளவும் பாருங்கள். தலை விட்டம் 4.48, 4.49, 4.50 என்று டப்பாவில் போட்டிருக்கும். ஒரு பிஸ்டலுக்குப் பிடித்தது இன்னொன்றுக்குப் பிடிக்காது.

குழல் முனை. முனையில் இருக்கும் காற்றுப் பிரிப்பானுக்குள் சாம்பல் நிற ஈயத்தூள் படிந்திருந்தால், அல்லது அது கோணலாகத் திருகியிருந்தால், பெல்லட் வெளியேறும்போது உரசும். பஞ்சுக் குச்சியால் துடைத்து, நேராகத் திருகுங்கள். பளபளவென்று ஒரு பக்கம் மட்டும் கோடு விழுந்திருந்தால் உரசல் நிச்சயம், அதைக் காட்டியே ஆக வேண்டும்.

குழல். ஃபெல்ட் துண்டைப் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக இழுத்துச் சுத்தம் செய்யுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம்.

அறிகுறி 4: டிரிகர் பிடிவாதம் பிடிக்கிறது, அல்லது தொட்டாலே விழுகிறது

எலக்ட்ரானிக் டிரிகர் என்றால் பேட்டரி, அப்புறம் சுவிட்ச். சிரிக்காதீர்கள், சுவிட்சைப் போடாமலே அரை மணி நேரம் தவித்த பிள்ளைகள் உண்டு. புது பேட்டரியும் ஒரு மாற்று பேட்டரியும் பெட்டியில் எப்போதும் இருக்கட்டும்.

மெக்கானிக்கல் என்றால் எடைக்கல்லை எடுங்கள். விதிப்படி குறைந்தது 500 கிராம். குழலைச் செங்குத்தாக நிறுத்தி, டிரிகரின் நடுவில் எடையைத் தொங்கவிட்டுத் தூக்க வேண்டும், டிரிகர் விழாமல் எடை தொங்க வேண்டும். எல்லையிலேயே 500 வைக்காதீர்கள், 510, 520 வைத்தால் போட்டி மேஜையில் நெஞ்சு படபடக்காது. தொடாமலே விழுகிற டிரிகர் என்றால் சுடுவதை அந்த நொடியே நிறுத்துங்கள். அதில் சோதனை எதுவும் கிடையாது, சிலிண்டரைக் கழற்றி, பெட்டியில் வைத்து, சர்வீஸுக்கு.

லோடிங் லீவர் வழக்கத்தைவிட இறுகினாலோ கடகடவென்று ஆடினாலோ அதையும் அசட்டை செய்யாதீர்கள். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கர் தகுதிச் சுற்றின் நடுவில் பிஸ்டல் பழுதாகி, பொன்னான நிமிடங்களை இழந்து, 575 புள்ளியோடு 12ஆவது இடத்தில் நின்றதை நாமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தோம். 2024 பாரிஸில் அவர் இரண்டு வெண்கலம் வாங்கியபோது எங்கள் கிளப்பில் பலருக்குக் கண் கலங்கியது. பெரிய போட்டிக்கு ஒரு மாதம் முன்பே பிஸ்டலைச் சர்வீஸ் ஆளிடம் காட்டிவிடுங்கள் என்று நான் கெஞ்சுவது அதனால்தான்.

அறிகுறி 5: சுட்டாயிற்று, துளை இல்லை

அடுத்த பெல்லட்டைப் போடாதீர்கள். பெல்லட் குழலுக்குள் நிற்கிறது. காற்று குறைவு, தெரியாமல் இரண்டு பெல்லட் போட்டது, இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். சிலிண்டரைக் கழற்றி, லீவரைத் திறந்து, பிளாஸ்டிக் உறை போட்ட தடியால் முனைப் பக்கத்திலிருந்து மெல்லப் பின்னால் தள்ளுங்கள். சுத்தியால் தட்ட வேண்டிய நிலை வந்தால் அது உங்கள் வேலை இல்லை.

அறிகுறி 6: வீட்டில் பயிற்சி, சத்தம் தாங்கவில்லை

பிஸ்டலில் ஒரு பழுதும் இருக்காது. ஆனால் கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து மணியடிப்பார், சொசைட்டியில் கடிதம் கொடுப்பார்கள். உடனே பெற்றோர் என்னிடம் கேட்பது, "அண்ணா, இதுக்குச் சைலன்சர் மாதிரி ஏதாவது கிடைக்குமா?"

அதைத் தேடவே வேண்டாம். துப்பாக்கியின் சத்தத்தைக் குறைக்கவென்று செய்த துணைக்கருவிகளை நம் ஆயுத விதிகள் தடைசெய்த வகையில்தான் வைத்திருக்கின்றன. குழல் முனையில் ஆற்றல் 20 ஜூலுக்கு உட்பட்ட 4.5 மி.மீ. ஏர் பிஸ்டலுக்கு உரிமம் வேண்டாம் என்ற சலுகை 2016 விதிகளில் இருக்கிறது. அந்தச் சலுகையில் இருக்கும் ஒரு பிள்ளையை, இணையத்தில் எவனோ விற்கும் ஒரு குழாயால் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிறுத்தாதீர்கள். போட்டியிலும் அதற்கு இடமில்லை.

அதோடு, சத்தம் வருவதே வேறு இடத்திலிருந்து. ஒருவர் சுடட்டும், நீங்கள் அடுத்த அறையில் நின்று கேளுங்கள். முதலில் மெல்லிய 'டப்', அதுதான் பிஸ்டல். பின்னாலேயே 'டங்' என்று அதிர்கிறதே, அது பெல்லட்டைப் பிடிக்க இலக்குக்குப் பின்னால் வைக்கும் பொறியின் இரும்புத் தகடு. கீழ் வீட்டுக்குப் போவது அதுதான்.

செலவில்லாத வழி: பொறியின் கீழே மடித்த கம்பளமோ பழைய யோகா மேட்டோ போட்டு, சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி வையுங்கள். பாதிச் சத்தம் சுவரும் தரையும் வழியாகத்தான் போகிறது. அடுத்தது, தகட்டின் முன்னால் பழைய துணியை இறுக்கிக் கட்டித் திணிப்பது. எல்லாவற்றிலும் நன்றாக வேலை செய்வது, பிள்ளைகள் பொம்மை செய்யும் காயாத களிமண்ணை இரண்டு விரல் தடிமனுக்குத் தகட்டில் அப்பிவிடுவது. பெல்லட் அதில் புதைந்துபோகும், 'டங்' என்பது 'தொப்' ஆகிவிடும், ஈயத்தூளும் பறக்காது. குளியலறைக் குழாய் வேலைக்கு வாங்கும் இறுகிக் கல்லாகும் பசையை அப்பாதீர்கள், பெல்லட் அதில் பட்டுத் திரும்பி வரும். மாதம் ஒருமுறை கையுறை போட்டுக் களிமண்ணில் சிக்கிய ஈயத்தைப் பிடுங்கி எடுங்கள், குவியலாகச் சேர்ந்தால் புதிய பெல்லட் பழையதில் பட்டுத் தெறிக்கும்.

மும்பை வீட்டில் 10 மீட்டர் யாருக்குக் கிடைக்கிறது, ஹாலிலிருந்து படுக்கையறைவரை நீட்டினால் 5 அல்லது 6 மீட்டர்தான் வரும். இலக்கைச் சின்னதாக்கிக்கொள்ளலாம். ஆனால் சுடும் கோட்டில் குறுக்கே எந்தக் கதவும் இருக்கக் கூடாது, இருந்தால் உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்க வேண்டும். பாட்டி தண்ணீர் குடிக்க எழுந்து வருவார் என்பதை நினைத்துத்தான் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அவ்வளவும் செய்தும் அண்டை வீட்டாருக்கு உறுத்தலாக இருந்தால் வீட்டில் பெல்லட்டே வேண்டாம். சிலிண்டரைக் கழற்றிவிட்டு, டிரை ஃபயர் (பெல்லட்டும் காற்றும் இல்லாமல் டிரிகரை இழுக்கும்) வசதியில் வெறும் சுவரைப் பார்த்துத் தினம் 40 நிமிடம் டிரிகரை மட்டும் பழகட்டும். வெளியே ஒரு 'க்ளிக்'கூடக் கேட்காது. அந்த செம்பூர்ப் பெண் புதுச் சிலிண்டர் வரும்வரை ஏழு வாரம் அதை மட்டும்தான் செய்தாள். திரும்பி ரேஞ்சுக்கு வந்த அன்று அவள் கை முன்பைவிட அமைதியாக இருந்தது.